பெரிய குடும்பத்துக்கு எந்த ட்ரெய்லர், எந்த வாகனம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்ததும் என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்துச் சொந்தக்காரரும் நண்பர்களும்தான். எல்லாருக்கும் ஒரே சந்தேகங்கள். எங்கள் வீட்டில் எட்டுப் பேர்: நான், மனைவி, நான்கு பிள்ளைகள், அப்பா, அம்மா. ஒன்பது கோடைகளாக, கனடாவின் ஒன்ராறியோவுக்குள், பூங்காக்களில் தங்குவதற்காகக் கட்டில் வைத்த காம்பிங் ட்ரெய்லரை வாகனத்தின் பின்னால் இழுத்துத் திரிகிறோம். முதல் கோடையில் பெரிய பிழை ஒன்று விட்டோம். அதை வேறு யாரும் விடக்கூடாது என்பதற்காகவே கேட்பவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

1. "காம்பர் எண்டு எல்லாரும் சொல்லீனம், ஆனா ஆளுக்கொரு மாதிரி வச்சிருக்கீனம். என்னென்ன வகை இருக்கு அண்ணை?"

ஆறு பேருக்கு மேற்பட்ட குடும்பம் யோசிக்கக்கூடியவை நான்கு. மடித்து விரிக்கும் கூடார ட்ரெய்லர் முதலாவது. ஓடும்போது உயரமில்லாத பெட்டி. இடத்துக்குப் போய்க் கூரையை உயர்த்தி இரண்டு பக்கமும் கட்டிலை இழுத்தால் ஆறு முதல் எட்டுப் பேர் படுக்கலாம். அடுத்தது கூடாரமும் முழு ட்ரெய்லரும் கலந்த வகை: சுவர் கடினமானது, கட்டில்கள் மட்டும் துணிக் கூடாரமாக வெளியே விரியும். மூன்றாவது, அடுக்குக் கட்டில் வைத்த முழு ட்ரெய்லர். குசினி, குளியலறை, தனிக் கட்டில் எல்லாம் உண்டு, பாரமும் அதற்கேற்றபடி. கடைசி, இழுக்க வேறு வாகனம் தேவையில்லாமல் சொந்த எஞ்சினில் ஓடும் மோட்டர்ஹோம்.

பிக்கப் ட்ரக்கின் முதுகில் கொழுவும் ஐந்தாம் சில்லு ட்ரெய்லரைப் பலர் ஆசையோடு பார்க்கிறார்கள். அதை இழுக்கும் ட்ரக்கில் ஐந்து பேர், முன்னிருக்கை நீளமானதென்றால் ஆறு பேர்தான் இருக்கலாம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அந்தக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

2. "பத்துப் பேர் படுக்கலாம் எண்டு விளம்பரத்தில போட்டிருக்கு. உண்மையா ஏலுமோ?"

படுக்கலாம், நித்திரை கொள்வது வேறு. அந்தப் பத்தில் இரண்டு பேர் சாப்பாட்டு மேசையை இறக்கி உண்டாக்கும் கட்டிலில், இரண்டு பேர் சோபாவில். இரவு பத்து மணிக்கு மேசையைக் கட்டிலாக்கிக் காலை ஏழு மணிக்குத் திரும்ப மேசையாக்க வேண்டும். கடைசியாகப் படுப்பவரும் முதலில் எழும்புபவரும் அந்தக் கட்டில்காரர்தான். ஒரு நாளுக்குச் சரி, ஐந்து நாளுக்கு அலுத்துவிடும்.

அதனால் நிரந்தரக் கட்டில்களை மட்டும் எண்ணுங்கள். அடுக்குக் கட்டில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஒட்டியிருப்பார்கள், அதை வாசியுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குச் செய்த மேல்கட்டிலில் பதினேழு வயதுப் பெடியனை ஏற்ற முடியாது. எங்கள் மூத்தவர்கள் இருவரும் வெளியே சிறிய கூடாரத்தில் படுக்கிறார்கள்; அவர்களுக்கு அதுதான் விருப்பமும். ஆக எட்டுப் பேர் வீட்டுக்கு ஆறு நல்ல கட்டில் போதும் என்பது என் அனுபவம். அந்த இரண்டு கட்டிலைக் குறைத்தால் ட்ரெய்லரின் நீளமும் பாரமும் நன்றாகக் குறையும்.

3. "எங்களிட்ட சியன்னா வான் இருக்கு. அதால இழுக்கேலாதோ?"

இழுக்கலாம். இப்போதைய ஹைப்ரிட் சியன்னாவுக்கும் 3,500 இறாத்தல், அதாவது கிட்டத்தட்ட 1,590 கிலோ என்று டொயோட்டா எண் கொடுத்திருக்கிறது. ஹைப்ரிட் எல்லாம் ஒன்றென்று நினைக்க வேண்டாம். கிறைஸ்லர் பசிஃபிக்காவின் ஹைப்ரிட் வகையை இழுவைக்குப் பாவிக்கச் சொல்வதில்லை, பெற்றோல் வகை இழுவைப் பொதியோடு (இழுப்பதற்குத் தயாரிப்பாளரே பொருத்தித் தரும் சாமான்கள்) வந்தால் 3,600 இறாத்தல் இழுக்கும். வாகனத்தோடு வந்த கைநூலைப் பாருங்கள். மச்சான் சொன்னார், கராஜ்காரர் சொன்னார் என்பது இங்கே செல்லாது.

ஆனால் அந்த 3,500 என்பது வானுக்குள் ஓரிருவர் மட்டும் இருக்கும்போது சரிவரும் எண். ஏழு பேரை ஏற்றிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. அடுத்த பதில் முழுக்க அதைப் பற்றியது. சுருக்கமாக, ஏழு பேர் நிறைந்த வானுக்குப் பின்னால் சிறிய கூடார ட்ரெய்லருக்கு மேல் எதையும் யோசிக்க வேண்டாம். அதற்குக்கூடக் கணக்குப் பார்க்கவே வேண்டும்.

4. "8,000 இறாத்தல் இழுக்கும் எண்டு விக்கிறவரே சொல்லுறார். நீங்கள் மட்டும் ஏன் ஏலாது எண்டுறீங்கள்?"

நான் எழுதுவதில் ஒன்றையாவது ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள். சாரதிக் கதவைத் திறந்தால் கதவு பூட்டும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். நான் அதைக் கதவு எண் என்று சொல்வேன். ட்ரெய்லரின் மூக்கு உங்கள் வாகனத்தின் பின்னால் உள்ள கொழுவும் பந்தின் மேல் அழுத்துமே, அந்தப் பாரமும் இந்தக் கதவு எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும். அதை மூக்குப்பாரம் என்று எழுதுகிறேன். முழு ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருக்க வேண்டும். நான் 12 அல்லது 13 என்று வைத்துக் கணக்குப் பார்ப்பேன்.

எங்கள் பெரிய எஸ்.யு.வி.யின் கதவு எண் 720 கிலோ. குளியலறைத் தராசில் எட்டுப் பேரையும் ஏற்றினேன். நான் 82, மனைவி 68, அப்பா 70, அம்மா 62, பிள்ளைகள் 58, 45, 32, 24. மொத்தம் 441. மிச்சம் 279. உள்ளே வைக்கும் கூலர், பை, பானை சட்டி 60 கிலோ. ட்ரெய்லரை வாகனத்தோடு கொழுவும், பாரம் பகிரும் ஹிச் 40 கிலோ. கடைசியில் மூக்குப்பாரத்துக்கு மிஞ்சியது 179 கிலோ. நூற்றுக்கு 12 என்று பார்த்தால் 1,490 கிலோ ட்ரெய்லர்தான் இழுக்கலாம். 8,000 இறாத்தல் என்றால் 3,600 கிலோ. விற்பவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன எண்ணில் என் குடும்பம் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நான் செய்தது ட்ரெய்லர் வாங்கி ஒரு கோடை முடிந்த பிறகு. எங்கள் ட்ரெய்லர் சாமானோடு 2,500 கிலோ. அதன் மூக்குப்பாரம் 300க்கு மேல். என் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கோடை முழுவதும் வரம்புக்கு மேலே ஓடியிருக்கிறேன். அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் ஆட்களை நிறுக்கச் சொல்கிறேன். பிறகு வாகனம், கடைசியாக ட்ரெய்லர். கடையில் நல்ல ட்ரெய்லரைக் கண்டுவிட்டு வாகனத்தை அதற்குப் பொருத்தப் பார்ப்பது தலைகீழ் வேலை.

5. "மூக்குப்பாரம்தான் பிரச்சினை எண்டா சாமானைப் பின்னுக்கு ஏத்தி அதைக் குறைக்கலாம்தானே?"

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த முதல் கோடையில், தெரியாமல், நாங்கள் செய்தது இதுதான். நான்கு சைக்கிளும் ட்ரெய்லரின் பின் தாங்கியில். இரண்டு பெரிய கூலர் பின் கட்டிலுக்குக் கீழே. நெடுஞ்சாலை 400இல் பாரி நகரம் தாண்டி ஒரு பெரிய ட்ரக் எங்களை முந்தியது. அதன் காற்று முதலில் ட்ரெய்லரைத் தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் பின்மூலை ஒருதரம் இடப்பக்கம் தெரிந்தது, மறுகணம் வலக் கண்ணாடியில் தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக வந்தது. ஸ்டியரிங் என் கைக்குள் லேசாகிவிட்டது. கடைசி வரிசையில் அம்மா "முருகா, முருகா" என்றது மட்டும் கேட்டது.

கால் தானாகப் பிறேக்குக்குத்தான் போகும். போக விடக்கூடாது. அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு, ட்ரெய்லர் பிறேக்கை மட்டும் இயக்கும் சிறிய நெம்பைக் கையால் தள்ள வேண்டும். ட்ரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகும். எங்களுக்கும் நேரானது. அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தி, சைக்கிள்களை இறக்கி, கூலர் இரண்டையும் சில்லுக்கு முன்னால் தரையில் வைத்தோம். அதன் பிறகு அப்படி ஆடியதில்லை. சாமானில் பாதிக்கு மேல் சில்லுக்கு முன்னால் இருக்க வேண்டும். பாரமானவை தரையோடு இருக்க வேண்டும். மூக்குப்பாரம் கூடினால் பதில் சிறிய ட்ரெய்லர். பின்னால் ஏற்றுவது பதில் இல்லை.

6. "ட்ரெய்லரின்ர எடை எண்டு கனக்க எண் போட்டிருக்கு. எதைப் பார்க்கிறது?"

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது வெறும் எடை. அதில் தண்ணீர் இல்லை, உங்கள் சாமான் இல்லை, பெரும்பாலும் பற்றரியும் இல்லை. நிறைந்த காஸ் சிலிண்டர் ஒன்று 17 கிலோ வரும், இரண்டு வைப்பார்கள். 150 லீற்றர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 150 கிலோ. எட்டுப் பேரின் உடுப்பு, போர்வை, அரிசி, பாத்திரம், கதிரை எல்லாம் சேர்த்து 350 முதல் 450 கிலோ வரை ஏறிவிடும். எங்கள் ட்ரெய்லரின் வெறும் எடை 2,100. எடைமேடையில் 2,500 காட்டியது.

ட்ரெய்லரின் இடப்பக்க முன்மூலையில் உள்ள தகட்டில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மொத்த எடை இருக்கும். வாங்கும்போது கணக்கை அந்த எண்ணை வைத்தே செய்யுங்கள். பிறகு ஒருதரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு, பெரிய ட்ரக்குகள் நிற்கும் இடங்களில் உள்ள எடைமேடையில் நிறுத்துப் பாருங்கள். செலவு சிறிது. அந்தச் சீட்டை நான் இன்னும் வாகனத்துக்குள் வைத்திருக்கிறேன்.

7. "அப்ப எட்டுப் பேருக்கு எந்த வாகனம்தான் சரி?"

மூன்று வழி இருக்கிறது. செவர்லே சபர்பன், ஃபோர்ட் எக்ஸ்பெடிஷன் போன்ற பெரிய எஸ்.யு.வி. முதலாவது. எட்டு இருக்கை உண்டு, இழுக்கும் பலமும் உண்டு, ஆனால் 4ஆம் பதிலில் கண்டதுபோல ஆட்கள் நிறைந்தால் கதவு எண் முடிந்துவிடும். எல்லாரும் ஒரே வாகனத்தில்தான் என்றால் இதன் பின்னால் கூடார ட்ரெய்லர் அல்லது சிறிய கலப்பு வகை. ஒரே ரக வாகனத்திலும் கதவு எண் மாறும்; சூரியக் கூரை, சொகுசு இருக்கை என்று ஒவ்வொன்றும் அதில் இருந்து கழியும். வாங்கும் அந்த வாகனத்தின் கதவையே திறந்து பாருங்கள்.

இரண்டாவது, கனரக அடித்தளம் உள்ளவை. சபர்பன் 2500 என்ற வகை 2013 வரை விற்பனைக்கு வந்தது. ஃபோர்ட் எக்ஸ்கர்ஷன் 2005 வரை. இரண்டும் பழசு, பெற்றோலும் குடிக்கும், ஆனால் நல்ல நிலையில் கிடைத்தால் பெரிய குடும்பத்துக்கு ஏற்றவை. இப்போது புதிதாக வாங்குபவர்கள் ஃபோர்ட் ட்ரான்சிட், செவர்லே எக்ஸ்பிரஸ் போன்ற பயணிகள் வானைப் பார்க்கலாம். கடைசி இருக்கை வரிசையைக் கழற்றினால் சாமானுக்கு இடமும் வரும். 12, 15 இருக்கை என்றால் லைசன்ஸ் வகையையும் காப்புறுதியையும் வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள்.

மூன்றாவது வழிதான் எங்களுடையது: இரண்டு வாகனம். எஸ்.யு.வி.யில் நான், அப்பா, மூத்தவர்கள் இருவர், மொத்தம் 255 கிலோ. பைகளுக்கு 40, ஹிச்சுக்கு 40. மூக்குப்பாரத்துக்கு 385 மிஞ்சுகிறது. 2,500 கிலோ ட்ரெய்லருக்கு நூற்றுக்கு 13 என்றால் 325. அடங்குகிறது. மனைவி, அம்மா, சின்னவர்கள், கூலர் எல்லாம் வானில் பின்னால் வருகின்றன. ஏற்கெனவே வீட்டில் இரண்டு வாகனம் இருப்பவர்களுக்கு இதைவிட மலிவான தீர்வு இல்லை. இடத்துக்குப் போன பிறகு ஒன்றைக் கழற்றாமல் விட்டு மற்றதில் கடைக்கும் போய்வரலாம்.

8. "மோட்டர்ஹோம் எடுத்தா இந்தக் கொழுவல் கரைச்சலே இல்லையே?"

கொழுவல் இல்லை, உண்மை. ஆனால் எத்தனை கட்டில் என்று கேட்காமல் எத்தனை இருக்கைப் பட்டி என்று கேளுங்கள். எட்டுப் பேர் படுக்கும் மோட்டர்ஹோமில் ஆறு பட்டிதான் இருப்பது வழமை. பிள்ளைகளின் இருக்கையைப் பக்கவாட்டில் பார்க்கும் ஆசனத்தில் பூட்ட முடியாது. ஒன்ராறியோவில் பிள்ளைக்கு எட்டு வயது ஆகும்வரை, அல்லது 36 கிலோ, அல்லது 145 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை பூஸ்டர் என்ற உயர்த்தும் இருக்கை வேண்டும். அந்த இருக்கைகள் எங்கே பூட்டப்படும் என்று பார்த்த பிறகே விலையைக் கேளுங்கள்.

9. "அம்மாக்குக் கால் ஏலாது. ஓடேக்குள்ள ட்ரெய்லருக்குள்ள படுத்துக்கொண்டு வரலாமோ?"

கூடாது. இழுபடும் வீட்டு ட்ரெய்லருக்குள் ஆள் இருப்பதை ஒன்ராறியோச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், 5ஆம் பதிலில் சொன்ன ஆட்டத்தின்போது உள்ளே அம்மா இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் நிறுத்தி நடக்க விடுங்கள். நீங்களும் இறங்கிச் சில்லில் கை வைத்துச் சூடு பாருங்கள்.

10. "இதுக்குப் புது லைசன்ஸ் எடுக்க வேணுமோ?"

வேண்டாம். ஒன்ராறியோவின் வழமையான ஜீ லைசன்ஸில் 4,600 கிலோ வரையான ட்ரெய்லர் இழுக்கலாம். வாகனமும் ட்ரெய்லரும் சேர்ந்து 11,000 கிலோவைத் தாண்டக்கூடாது. ட்ரெய்லருக்குத் தனி இலக்கத்தகடு வேண்டும். 1,360 கிலோவும் அதற்கு மேலும் என்றால் ட்ரெய்லருக்குச் சொந்தப் பிறேக் கட்டாயம். பல வாகனத் தயாரிப்பாளர்கள் அதைவிடக் குறைந்த பாரத்திலேயே பிறேக் கேட்கிறார்கள். கைநூல் சொல்வதைக் கேளுங்கள்.

காப்புறுதிக்காரரை முதலே கூப்பிடுங்கள். ட்ரெய்லருக்கே சேதம் வந்தால் யார் தருவது என்று நேராகக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

11. "ஹிச், பிறேக் கொன்ட்ரோலர், ஏழு பின் வயர் எண்டு சொல்லுறாங்கள். எது கட்டாயம், எது கடைக்காரர் தலையில கட்டுறது?"

பிறேக் உள்ள ட்ரெய்லருக்கு, அதன் விளக்குக்கும் பிறேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் ஏழு பின் இணைப்பும், ட்ரெய்லர் பிறேக்கை இயக்கச் சாரதிக்குப் பக்கத்தில் பிறேக் கொன்ட்ரோலரும் கட்டாயம். 5ஆம் பதிலில் என்னைக் காப்பாற்றிய நெம்பு அதில்தான் இருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காகக் கொழுவ வேண்டும். மூக்கு கழன்றாலும் தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும். பந்தின் அளவு ட்ரெய்லரின் பிடிக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். இரண்டங்குலப் பந்தும் 2 5/16 அங்குலப் பந்தும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் பிடி பெரிதாகவும் பந்து சிறிதாகவும் இருந்தால் ஒரு குலுக்கலில் கழன்றுவிடும்.

முழு ட்ரெய்லருக்குப் பாரம் பகிரும் ஹிச் வாங்குங்கள், ஆட்டத்தைத் தடுக்கும் வகையாகவே வாங்குங்கள். பின்பக்கம் குந்திப்போய் முன்சில்லு லேசாவதை அது திருத்தும். கூடார ட்ரெய்லருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. மற்றதெல்லாம் பிறகு வாங்கலாம்.

12. "பழைய ட்ரெய்லர் ஒண்டு மலிவா வந்திருக்கு. என்னத்தைப் பார்த்து வாங்கிறது?"

தண்ணீர். மற்ற எல்லாவற்றையும் திருத்தலாம். கூரையாலோ யன்னலாலோ தண்ணீர் இறங்கி மரச்சட்டம் உக்கிய ட்ரெய்லரைத் திருத்தப்போனால் வாங்கிய விலைக்கு மேல் போகும். கதவைத் திறந்ததும் மணந்து பாருங்கள். மழை நாளில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. உள்ளே மூலைகளிலும் யன்னலுக்குக் கீழேயும் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே அமுங்கினால் வாங்காமல் திரும்பி வாருங்கள். வெளியே நின்று சுவரைச் சாய்வாகப் பார்த்தால் வீங்கிய இடம் வெளிச்சத்தில் தெரியும். குளியலறைத் தரையிலும் கட்டிலுக்குக் கீழேயும் மிதித்துப் பாருங்கள்.

ரயரின் பூ நன்றாக இருக்கிறது என்று விற்பவர் சொல்வார். நின்ற ட்ரெய்லருக்குப் பூ தேயாது, றப்பர்தான் வெடிக்கும். ரயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் செய்த வாரமும் ஆண்டும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்தாறு வயது தாண்டினால் புது ரயரின் விலையைக் கழித்துப் பேசுங்கள். ட்ரெய்லர் ரயர்கள் பலவற்றின் வேக வரம்பு மணிக்கு 105 கிலோமீற்றர்தான்.

கூடார ட்ரெய்லர் என்றால் முழுதாக விரித்துக் காட்டச் சொல்லுங்கள். "சின்னவன் தூங்குறான், பிறகு காட்டுறன்" என்றால் பிறகே போங்கள்.

13. "சமையல் எப்பிடி? எங்கட ஆக்களுக்குச் சோறு இல்லாமல் சரிவராதே."

தாளிப்பதும் மீன் பொரிப்பதும் வெளியேதான். ஒருதரம் உள்ளே கருவாடு பொரித்தால் அடுத்த கோடையிலும் மெத்தை மணக்கும். இரண்டு அடுப்புள்ள வெளிக் காஸ் அடுப்பும் தகர மேசையும் போதும். கூடார ட்ரெய்லரின் துணிக்குள் சாப்பாடே வைக்காதீர்கள். அல்கொன்குவின் பக்கம் கருங்கரடி உண்டு, கூலரையும் பருப்புப் போத்தலையும்கூட இரவில் வாகனத்துக்குள் பூட்ட வேண்டும்.

மின்சாரம் உள்ள இடம் எடுத்தால் அதன் அளவைப் பாருங்கள். 30 அம்பியர் என்றால் 3,600 வற், 15 அம்பியர் என்றால் 1,800 வற். குளிரூட்டி ஓடும்போது 1,500 வற் கேற்றிலையும் றைஸ் குக்கரையும் ஒன்றாகப் போட்டால் 30 அம்பியரும் விழும். எங்கள் வீட்டு ஒழுங்கு: முதலில் சோறு, பிறகு தேத்தண்ணி, இரண்டு நேரமும் குளிரூட்டி நிற்கும்.

14. "அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறம். அவைக்கு எது வசதி?"

இரவில் கக்கூசுக்குப் போக எத்தனை அடி நடக்க வேண்டும் என்பதைக் கொண்டு ட்ரெய்லரை அளந்து பாருங்கள். கூடார ட்ரெய்லரில் கட்டில் நெஞ்சளவு உயரம், ஏற இறங்க முழங்கால் வேண்டும். கடையில் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் ஏற விடுங்கள், கட்டிலில் படுத்து எழும்ப விடுங்கள், கக்கூசில் கதவைச் சாத்தி இருந்து பார்க்கச் சொல்லுங்கள். வாசற்படிக்குப் பக்கத்தில் பெரிய கைபிடி இருக்க வேண்டும். எங்கள் அம்மா எங்களோடு ஒன்பது கோடையும் வந்ததற்குக் காரணம் அந்தக் கைபிடியும் கட்டிலில் இருந்து நான்கு எட்டில் உள்ள கக்கூசும்தான். அதனால்தான் நாங்கள் கூடார வகைக்கு இறங்காமல் இரண்டு வாகனமாகப் போகிறோம்.

15. "பார்க்கில எட்டுப் பேரை விடுவினமோ?"

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஓர் இடத்துக்கு ஆறு பேர் என்பது பொது வரம்பு. உங்கள் குடும்ப விபரத்தைச் சொல்லி, பதிவதற்கு முன்பே பூங்காவைக் கேளுங்கள். தேவைப்பட்டால் பக்கத்துப் பக்கத்து இரண்டு இடம், அல்லது குழு இடம். ஓர் இடத்தில் ஒரு ட்ரெய்லர்தான் வைக்கலாம், கூடவே கூடாரம் போடலாம். 2ஆம் பதிலில் சொன்ன மூத்தவர்களின் கூடாரம் இப்படித்தான் அடங்குகிறது. இரண்டாவது வாகனத்துக்கு மேலதிகக் கட்டணம் உண்டு.

ஐந்து மாதம் முன்னதாகக் காலை ஏழு மணிக்குப் பதிவு திறக்கும். ஆடி மாதத்தில் சான்ட்பாங்க்ஸ் பூங்கா வேண்டுமென்றால் மாசிக் குளிரில் எழும்பிக் கணினிக்கு முன்னால் இருங்கள். இடத்தின் நீளத்தையும் படத்தையும் பார்த்தே எடுங்கள்.

16. "வீட்டில எங்க நிப்பாட்டிறது?"

வாங்குவதற்கு முன் உங்கள் நகரசபையின் விதியைக் கேளுங்கள். வீட்டு முன்றலில் ட்ரெய்லர் நிற்பதைப் பல நகரங்கள் கட்டுப்படுத்துகின்றன. டவுன்ஹவுஸ் என்றால் நிர்வாகமும் விடாது. மாத வாடகைக்கு நிறுத்தும் இடங்கள் நகருக்கு வெளியே உண்டு. மழையில் மடித்த கூடார ட்ரெய்லரை ஓரிரு நாளுக்குள் விரித்து உலர்த்தாவிட்டால் துணி பூஞ்சணம் பிடிக்கும், அதற்கும் இடம் வேண்டும். ஐப்பசியில் குழாய்களில் தண்ணீரை இறக்கி இளஞ்சிவப்பு உறைதடுப்பான் ஓடவிடுங்கள். ஒரு இரவு உறைந்தாலே குழாய் வெடித்துவிடும்.

17. "ஸ்பிரிங்குக்குள்ள காத்துப்பை போட்டா வாகனம் குந்தாது. அப்ப கதவு எண் கூடும்தானே?"

கூடாது. காற்றுப்பை வாகனத்தின் பின்பக்கத்தை உயர்த்தும். அச்சு, பிறேக், ரயர், சில்லின் பெயரிங் எதுவும் மாறுவதில்லை, கதவு எண்ணும் மாறுவதில்லை. பாரம் பகிரும் ஹிச்சும் அப்படியே: பின்னச்சில் உள்ள பாரத்தின் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் அனுப்புகிறது, வரம்பை உயர்த்துவதில்லை. ஹிச் பொருத்தும் இடத்தில் இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும், பாரம் பகிரும்போது எவ்வளவு, பகிராதபோது எவ்வளவு என்று இரண்டு எண் போட்டு. இத்தனை எண்ணில் எது சிறியதோ அதுதான் உங்கள் எண்.

18. "எங்கட மச்சான் பத்து வருசமா பெரிய ட்ரெய்லர்தான் இழுக்கிறார். ஒண்டும் நடக்கேல்லையே?"

நானும் ஒரு கோடை முழுக்க அப்படித்தான் ஓடினேன், ஒன்றும் நடக்கவில்லை, பாரிக்கு அப்பால் அந்த அரை நிமிடத்தைத் தவிர. வாகனம் சமதரையில் இழுத்துவிடும். அது தடுமாறுவது ஹன்ட்ஸ்வில் பக்கத்து இறக்கத்தில் முன்னால் ஒருவர் திடீரென நிறுத்தும்போது. எட்டுப் பேரின் பாரமும் ட்ரெய்லரின் பாரமும் அந்த நேரம் பிறேக்கைத்தான் தேடும். மச்சானை எடைமேடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாக்குவாதம் தேவையில்லை, சீட்டில் எண் வரும்.

19. "இதெல்லாம் கேட்டாப் பயமாக் கிடக்கு மாமா. வாங்காமலே ஒருக்காப் போய்ப் பார்க்க வழி இருக்கோ?"

இருக்கிறது, அப்படித்தான் தொடங்கவும் வேண்டும். தங்கள் ட்ரெய்லரை வாடகைக்கு விடுபவர்கள் பலர் அதைப் பூங்காவுக்கே கொண்டுவந்து நிறுத்தி, சமப்படுத்தி, மின்சாரம் கொழுவித் தந்துவிட்டுப் போவார்கள். நீங்கள் வானில் பிள்ளைகளோடு போய் இறங்கினால் சரி. எட்டுப் பேருக்கு எந்த வகை பொருந்தும் என்பது இரண்டு இரவில் விளங்கிவிடும்.

முதல்தரம் கிட்டவே போங்கள். டார்லிங்டன் மாகாணப் பூங்கா 401 ஓரத்தில்தான் இருக்கிறது, ஸ்காபரோவில் இருந்து ஒரு மணித்தியாலம்கூட வேண்டாம். மாத்திரை மறந்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் இரவோடு இரவாகத் திரும்பலாம். வாடகை ட்ரெய்லரை நீங்களே இழுப்பதானால், முதல் நாள் ஞாயிறு காலை வெறிச்சோடிய பள்ளிக்கூடத் தரிப்பிடத்தில் ரிவேஸ் எடுத்துப் பழகுங்கள்: ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தால் கை போகும் பக்கமே ட்ரெய்லரும் போகும். பின்னால் ஒருவர் நின்று கை காட்ட வேண்டும், அவர் உங்கள் கண்ணாடியில் எப்போதும் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை அப்பாவுடையது.